கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது என்ன: வெளித் தணிக்கைச் சேவை, ஒரு மதிப்பீடு

நிறுவனங்கள் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கும் சேவைகளில் வெளித் தணிக்கை, அதாவது நிறுவனத்தின் கணக்கை வெளி ஆடிட்டர் சரிபார்ப்பது, தனி ரகம். கட்டணம் கட்டுவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனம். பலன் போய்ச் சேர வேண்டியதோ பங்குதாரருக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும், சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சப்ளையருக்கும், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும். இவர்களில் பெரும்பாலோர் ஆடிட்டரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது சில பக்க அறிக்கை, அடியில் ஒரு கையெழுத்து. என்னென்ன வேலை முடிந்தபிறகு அந்தக் கையெழுத்து விழுகிறது, எந்த வேலை எங்கே சறுக்குகிறது என்று பகுதி பகுதியாகப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆதாரம் வெளியிலிருந்து நேராக ஆடிட்டர் கைக்கு வரும் இடங்களில் இந்தச் சேவை நன்றாக உழைக்கிறது. அதே ஆதாரம் நிறுவனத்தின் மேசையைத் தொட்டுவிட்டு வந்தால், அறிக்கையின் அடியில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அதை நம்ப முடியாது. மேலிடத்தில் இருப்பவர்களே கூடிச் செய்யும் மோசடியை இந்த ஒரு சேவை பிடித்துவிடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சொல்லும் வாக்கு என்ன?

அறிக்கையில் 'நியாயமான உறுதி' என்ற சொல் கட்டாயம் இருக்கும். முழு உறுதியை எந்த ஆடிட்டரும் தருவதில்லை, எல்லாப் பதிவுகளையும் யாரும் பார்ப்பதும் இல்லை. வேலை தொடங்கும்போதே ஒரு வரம்புத் தொகை குறிக்கப்படுகிறது. சீராக லாபம் ஈட்டும் நிறுவனமென்றால் வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது பரவலான தொடக்கப் புள்ளி. லாபம் 100 கோடி என்றால் வரம்பு 5 கோடி. பிழைகள் தனித்தனியாகவும் கூட்டாகவும் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அறிக்கையின் நிறம் மாறாது. மேலாளர் ஒருவர் வேண்டுமென்றே செய்த தவறு என்றால் மட்டும் தொகை சிறிதாக இருந்தாலும் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த மேலாளர் தந்த மற்ற விளக்கங்கள் எல்லாம் அதே நிமிடத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடுகின்றன.

சான்றிதழ் பெற்ற மோசடி ஆய்வாளர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆய்வுக்கு எடுத்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் வெளிவந்தவை. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் செய்யும் உள் தணிக்கை பிடித்தது 14 சதவீதம். வெளித் தணிக்கை பிடித்தது 3 சதவீதம். இந்த 3 சதவீதத்தைக் காட்டி இந்தச் சேவையே வீண் என்று சொல்வது தவறு. ஆடிட்டர் வருவார் என்ற பயத்தால் நடக்காமல் போன மோசடிகளை எண்ணும் அளவுகோல் யாரிடமும் இல்லை. ஆனாலும் வாங்குகிறவர் மனதில் இந்த எண் இருக்க வேண்டும்.

வங்கி இருப்பு: எளிய சோதனை, பெரிய தோல்விகள்

தணிக்கையிலேயே எளிய வேலை வங்கி இருப்பைச் சரிபார்ப்பது. பணம் இருக்கிறதா இல்லையா என்று வங்கியைக் கேட்டால் போதும். வரலாற்றின் பெரிய சறுக்கல்கள் பல இங்கேதான் நடந்தன என்பதுதான் வருத்தம்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு 376 கோடி ரூபாய் வட்டியும் சேர்ந்திருப்பதாகக் கணக்கு எழுதியிருந்தார்கள். பிறகு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் விசாரித்தபோது, வங்கி உறுதிக் கடிதங்களைத் தணிக்கை நிறுவனம் தானே அனுப்பித் தானே பெறவில்லை, அந்த வேலையை சத்யம் நிர்வாகத்தின் கையில் விட்டிருந்தது என்று தெரியவந்தது. 2011இல் அந்தத் தணிக்கை நிறுவனத்தின் இந்திய அமைப்புகள் மொத்தம் 75 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

சத்யம் கடிதத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2003 டிசம்பரில், இத்தாலியின் பால் பொருள் நிறுவனமான பார்மலாட். கேமன் தீவுகளில் இருந்த அதன் துணை நிறுவனமான போன்லாட்டின் பெயரில் ஏறத்தாழ 395 கோடி யூரோ பேங்க் ஆஃப் அமெரிக்காவில் இருப்பதாக ஒரு கடிதம் இருந்தது. அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை என்று வங்கி சொன்னது. கடிதம் போலி. 2020 ஜூன் 18 அன்று ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டு விஷயத்திலும் அதே கதை. 190 கோடி யூரோ இருப்பதாகச் சொன்ன இரண்டு பிலிப்பைன்ஸ் வங்கிகளும் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்றன. ஒரு வாரத்தில் நிறுவனம் திவால் மனு போட்டது.

மூன்று நாடுகள், பதினேழு ஆண்டுகள், ஓட்டை ஒன்றே. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்கள். அது எந்த வழியாக வந்தது என்று பார்க்கவில்லை.

சரியாகச் செய்யும் முறை இப்படி. வங்கிக் கணக்குகளின் பட்டியலை நிறுவனம் கொடுத்தபடியே வாங்கிக்கொள்ளக் கூடாது. இயக்குநர் குழுத் தீர்மானங்கள், சென்ற ஆண்டின் கோப்பு, காசோலைப் பதிவேடு, வட்டி வரவுகள் ஆகியவற்றை வைத்து ஆடிட்டரே ஒரு பட்டியல் போட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆண்டுக்குள் மூடிய கணக்கும், இருப்பு பூஜ்யமாக இருக்கும் கணக்கும் இதில் சேரும். பூஜ்யக் கணக்கில்தான் காட்டாத கடன் ஒளிந்திருக்கும். வங்கிக் கிளையின் முகவரியை வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்கும் முகவரி ஏற்கத்தக்கதல்ல. அனுமதிக் கையொப்பத்தை மட்டும் நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டு, அனுப்புவதை ஆடிட்டர் அலுவலகமே செய்ய வேண்டும், பதிலும் அங்கேயே வர வேண்டும். இருப்பை மட்டும் கேட்டால் பாதி வேலைதான். கடன், உத்தரவாதம், அடமானம், எடுக்க முடியாதபடி முடக்கிய தொகை, கையொப்பமிட அதிகாரம் உள்ளவர்கள் பெயர் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். பதில் மின்னஞ்சலில் வந்தால் அனுப்பிய முகவரியைச் சரிபார்த்து, பொதுவில் கிடைக்கும் எண்ணில் வங்கியைக் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் நிறுவனம் அச்சடித்துக் கொடுக்கும் ஸ்டேட்மென்ட்டை வாங்கிக்கொண்டு கோப்பை மூடக் கூடாது. ஆடிட்டர் முன்னிலையிலேயே வங்கித் தளத்தில் நுழைந்து பார்ப்பது குறைந்தபட்ச மாற்று வழி.

பணம் ஒரு அறங்காவலரின் பெயரிலோ, மூன்றாம் தரப்பு பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கிலோ இருக்கிறது என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அறங்காவலர் எழுதிய கடிதம் வங்கியின் பதிலுக்கு ஈடாகாது. வயர்கார்டில் கதவு திறந்தது இங்கேதான்.

இதற்கு வெளியே, பேலன்ஸ் ஷீட்டை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒரு முதலீட்டாளரும் இரண்டு சோதனைகளைச் செய்யலாம். ஆண்டு முழுவதும் சராசரியாக 1,000 கோடி வைப்பில் இருந்ததாகச் சொன்னால், 6 சதவீத வட்டிக்கு 60 கோடியாவது வருமானத்தில் தெரிய வேண்டும். 15 கோடிதான் தெரிகிறது என்றால் பணம் அங்கே இல்லை, அல்லது ஆண்டின் கடைசி வாரத்தில் மட்டும் வந்து போயிருக்கிறது. வட்டியையும் போலியாக எழுத முடியும் என்பதற்கு சத்யமே சாட்சி. ஆகவே வட்டிக்கு வரி பிடிக்கும் நாடுகளில், வங்கி பிடித்த வரியின் சான்றோடு வட்டி வருமானத்தை ஆடிட்டர் ஒப்பிட்டே ஆக வேண்டும். இரண்டாவது சோதனை இன்னும் எளிது. கையில் கோடி கோடியாகப் பணம் வைத்துக்கொண்டு, அதைவிட அதிக வட்டிக்கு ஒரு நிறுவனம் ஏன் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறது? பார்மலாட் ரொக்கத்தைக் குவித்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கடன் பத்திரங்களை வெளியிட்டு வந்தது.

விற்பனையும் வரவேண்டிய பணமும்

பன்னாட்டுத் தணிக்கைத் தரநிலை 240, விற்பனை வருமானத்தில் மோசடி இருக்கலாம் என்ற அனுமானத்தோடுதான் வேலையைத் தொடங்கச் சொல்கிறது. சரியான நிலைப்பாடு. சத்யத்தில் 6,000க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் கணக்கில் ஏறின. அவை மற்றப் பிரிவுகளின் கண்ணில் படாதபடி மென்பொருளுக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டன. திட்டப் பொறுப்பாளர் ஒருவரிடம் 'இந்த வாடிக்கையாளருக்கு இந்த மாதம் இவ்வளவு பில் போட்டீர்களா?' என்று கேட்டிருந்தால் நூல் அவிழ்ந்திருக்கும். அக்கவுண்ட்ஸ் அறையை விட்டு வெளியே போய்ச் செயல்பாட்டில் இருப்பவர்களைக் கேட்கும் ஆடிட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

போலி விற்பனை எங்காவது போய் உட்கார வேண்டும். பெரும்பாலும் கடனாளிகள் கணக்கில் உட்காரும். விற்பனை 1,200, வரவேண்டியது 200 என்றால் வசூலாக ஏறத்தாழ 61 நாள் ஆகிறது. அடுத்த ஆண்டு விற்பனை 1,500, வரவேண்டியது 370 என்றால் 90 நாள். விற்பனை 25 சதவீதம் வளர, பாக்கி 85 சதவீதம் வளர்ந்திருக்கிறது. புதிய வாடிக்கையாளருக்குத் தவணை நீட்டினோம் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க ஒரே நல்ல வழி, ஆண்டு முடிந்த பிறகு அந்தப் பாக்கி வங்கியில் வந்து விழுந்ததா, யார் கணக்கிலிருந்து வந்தது என்று பார்ப்பது. போலி விற்பனை என்றால் சில சமயம் தொகை வந்திருக்கும், ஆனால் வேறொருவர் பெயரில். அந்த வேறொருவர் நிர்வாகத்துக்கு நெருங்கியவராக இருப்பார். பெயரைப் பொருத்திப் பார்க்காமல் தொகையை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போகும் உதவியாளரால் இதைப் பிடிக்க முடியாது.

ஆண்டின் கடைசி பத்து நாள் பில்களும் அடுத்த ஆண்டின் முதல் மாதக் கிரெடிட் நோட்டுகளும் (விற்ற தொகையைக் குறைத்துத் தரும் சீட்டுகள்) சேர்த்தே பார்க்கப்பட வேண்டும். மார்ச் 30இல் போன சரக்கு ஏப்ரல் 12இல் திரும்பி வந்தால், அது விற்பனை இல்லை, ஊர்சுற்றல். லாரி ரசீது, எடைச் சீட்டு, வாங்கியவரின் பெறுகைக் கையொப்பம் மூன்றும் ஒரே தேதியைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது சலிப்பான வேலை. இதைச் செய்வதற்குத்தான் கட்டணம்.

சரக்கிருப்பு

சரக்கை ஆடிட்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற வழக்கமே ஒரு மோசடியால் பிறந்தது. 1938இல் அமெரிக்காவின் மெக்கெசன் அண்டு ராபின்ஸ் நிறுவனத்தில், 8 கோடியே 70 லட்சம் டாலர் சொத்தில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கற்பனை என்று தெரிந்தது. பாதி இல்லாத சரக்கு, மீதி இல்லாத கடனாளிகள். அதுவரை ஆடிட்டர்கள் காகிதத்தை மட்டுமே பார்த்துவந்தார்கள். அடுத்த ஆண்டே சரக்கு எண்ணும்போது உடனிருப்பதும் கடனாளிகளுக்கு எழுதிக் கேட்பதும் அமெரிக்கத் தரநிலையில் ஏறின.

நேரில் போவதாலேயே பிடிபட்டுவிடும் என்றும் இல்லை. 1963இல் வெளிவந்த சாலட் எண்ணெய் மோசடியில் தொட்டிகளில் பெரும்பகுதி தண்ணீர், மேலே மட்டும் எண்ணெய். மேலிருந்து அளவுகோலை விட்டால் எண்ணெய்தான் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே தொட்டி என்றால் அடி, நடு, மேல் மூன்று மட்டங்களிலும் மாதிரி எடுக்க வேண்டும். பெட்டி அடுக்கு என்றால் நடுவிலிருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும். எண்ணுவதை இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். பட்டியலிலிருந்து தரைக்குப் போனால் இல்லாத சரக்கு பிடிபடும், தரையிலிருந்து பட்டியலுக்கு வந்தால் விட்டுப்போன சரக்கு பிடிபடும். எல்லாக் கிடங்குகளையும் ஒரே நாளில் எண்ண வேண்டும், அன்று உள்ளே வரும் லாரியையும் வெளியே போகும் லாரியையும் நிறுத்திவைக்க வேண்டும், கடைசி உள்வரவுச் சீட்டின் எண்ணையும் கடைசி டெலிவரிச் சீட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிடங்குக்கு ஆடிட்டர் வரப்போகிறார் என்பது நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. அமெரிக்காவின் ஃபார்-மோர் மருந்துக் கடைத் தொடரில் எந்தக் கடைகளை எண்ணப்போகிறோம் என்று ஆடிட்டர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைகளில் மட்டும் சரக்கு நிறைந்திருந்தது.

ஜர்னல் பதிவுகள்: பெரும் மோசடி குடியிருக்கும் இடம்

ஜர்னல் பதிவு என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொகையை நேராக எழுதுவது. வெளி ஆளே தேவைப்படாத மோசடி இது. விசைப்பலகையில் ஒரு டெபிட், ஒரு கிரெடிட், அவ்வளவுதான். அமெரிக்காவின் வேர்ல்டுகாம் மற்ற தொலைபேசி நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தக் கட்டிய கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதியது. 2002 ஜூன் 25 அன்று ஐந்து காலாண்டுகளில் 380 கோடி டாலரை இப்படி மாற்றியதாக அறிவித்தார்கள். எல்லா முறைகேடுகளும் கூடி முடிவில் அது ஏறத்தாழ 1,100 கோடி டாலராக வளர்ந்தது. தலைமை அதிகாரி பெர்னார்டு எபர்ஸுக்கு 25 ஆண்டு சிறை.

100 ரூபாய் செலவைச் சொத்தாக்கிப் பத்து ஆண்டு தேய்மானம் போட்டால், இந்த ஆண்டு லாபத்தில் 10 மட்டும் கழியும். லாபம் 90 கூடிவிடும். 'லாபத்தைப் பார்க்காதே, ரொக்க ஓட்டத்தைப் பார்' என்று முதலீட்டாளருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அறிவுரை இங்கே கைகொடுக்காது. வெளியே போன பணம் செயல்பாட்டு வரிசையிலிருந்து முதலீட்டு வரிசைக்கு நகர்ந்துவிடுவதால் செயல்பாட்டு ரொக்க ஓட்டமும் 100 கூடித் தெரியும். செயல்பாட்டிலிருந்து முதலீட்டுச் செலவையும் கழித்து மிஞ்சும் ரொக்கத்தைப் பார்த்தால்தான் குட்டு உடையும். தொழில் மந்தமாக இருக்கும்போது மூலதனச் செலவு மட்டும் குறையாமல் நிற்பதும் அறிகுறி.

இதைத் தணிக்கையில் பிடிக்க, ஆண்டின் எல்லாப் பதிவுகளையும் மென்பொருளிலிருந்து முழுதாக எடுக்க வேண்டும். நிறுவனத்தின் கணினிப் பிரிவு தேர்ந்தெடுத்துத் தரும் பகுதி போதாது. எடுத்த கோப்பு முழுமையானதா என்று அறிய, தொடக்க இருப்போடு எல்லாப் பதிவையும் கூட்டினால் ஒவ்வொரு கணக்கிலும் இறுதி இருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சல்லடை. காலாண்டு முடிந்தபின் முன்தேதியிட்டுப் போட்ட பதிவுகள், வழக்கமாகப் பதிவு போடாத உயர் அதிகாரியின் பெயரில் உள்ளவை, விளக்கக் குறிப்பு காலியாக இருப்பவை, முழுத் தொகையாக இருப்பவை, அனுமதி வரம்புக்குச் சற்றே கீழே நிற்பவை, செலவுக் கணக்கைக் கிரெடிட் செய்து சொத்துக் கணக்கை டெபிட் செய்பவை. குழும நிறுவனங்களைச் சேர்த்து எழுதும் கட்டத்தில் பேரேட்டுக்கு வெளியே விரிதாளில் போடும் திருத்தங்களும் சல்லடைக்குள் வர வேண்டும். பல ஆடிட்டர்கள் பேரேட்டோடு நின்றுவிடுகிறார்கள், குழும அளவிலான கைத்திருத்தங்கள் தப்பிவிடுகின்றன.

வேர்ல்டுகாமைப் பிடித்தது வெளித் தணிக்கை இல்லை. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள் தணிக்கைக் குழு கணக்குப் பதிவுகளைத் தோண்டி, 'முன்கூட்டிச் செலுத்திய கொள்திறன்' என்ற பெயரில் ஒளிந்திருந்த தொகையின் வாலைப் பிடித்தது. உள் தணிக்கைக்கு ஆள் குறைத்துவிட்டு வெளித் தணிக்கையில் பெரிய பெயரை வாங்குவது மோசமான பேரம்.

மதிப்பீடுகளில், அதாவது வாராக் கடன் ஒதுக்கீடு, நற்பெயர் மதிப்பு, நீண்ட ஒப்பந்தங்களில் எத்தனை சதவீத வேலை முடிந்தது என்பது போன்றவற்றில், இந்தச் சேவை பலவீனமானது. நிர்வாகத்தின் ஊகத்தை ஆடிட்டர் இன்னொரு ஊகத்தோடுதான் ஒப்பிட முடிகிறது. சென்ற ஆண்டு ஊகம் இந்த ஆண்டு உண்மையோடு எவ்வளவு பொருந்தியது என்று திரும்பிப் பார்ப்பதே இருக்கும் கருவிகளில் நேர்மையானது.

விற்பவரின் சுதந்திரம்

2000ஆம் ஆண்டில் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான், தன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனுக்குத் தணிக்கைக்காக 2 கோடியே 50 லட்சம் டாலரும், ஆலோசனை உள்ளிட்ட மற்ற வேலைகளுக்காக 2 கோடியே 70 லட்சம் டாலரும் கொடுத்தது. கணக்கைக் கேள்வி கேட்டால் கையை விட்டுப் போவது தணிக்கைக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. 2001 டிசம்பர் 2இல் என்ரான் திவால் மனு போட்டது. 2002இன் அமெரிக்க சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கே மற்றப் பல சேவைகளையும் விற்பதற்குத் தடை போட்டது, தணிக்கையாளரை நியமிக்கும் பொறுப்பை இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் கொடுத்தது.

சேவையை வாங்கும் குழு இரண்டு எண்களைக் கேட்டால் போதும். இந்தத் தணிக்கை நிறுவனம் நம்மிடம் வாங்கும் மொத்தக் கட்டணத்தில் தணிக்கை எவ்வளவு? அங்கே அறிக்கையில் கையெழுத்திடும் கூட்டாளியின் ஆண்டு வருமானத்தில் நம் பங்கு எவ்வளவு? அதோடு, கூட்டாளியும் மூத்த மேலாளரும் மொத்தம் எத்தனை மணி நேரம் இந்த வேலையில் இருப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். மிகக் குறைந்த கட்டணம் கேட்கும் நிறுவனம் அனுபவமுள்ளவர்களின் மணி நேரத்தில்தான் கை வைக்கும்.

நெறி நூலும் மறுக்கும் வழியும்

என்ரானிடம் 64 பக்க நெறிமுறைக் கையேடு இருந்தது. நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ தானே நடத்தும் கூட்டாண்மைகள் என்ரானோடு வியாபாரம் செய்வதற்காக, 1999இல் இயக்குநர் குழுவே அந்த நெறிமுறையின் நலன்-முரண் விதியிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுத்தது. கையேடு எத்தனை பக்கம் என்பதை விட்டுவிட்டு, யாருக்கெல்லாம் எப்போது விலக்குக் கொடுத்தீர்கள் என்ற பதிவேட்டை ஆடிட்டர் கேட்க வேண்டும். நிறுவன நெறி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஆவணம் அதுதான்.

ஜப்பானின் டோஷிபாவில் யாரும் பொய்க் கணக்கு எழுது என்று எழுத்தில் ஆணையிடவில்லை. மேலிடம் 'சேலஞ்ச்' என்ற பெயரில் எட்ட முடியாத லாப இலக்கைக் காலாண்டு முடியும் நேரத்தில் கீழே தள்ளியது. கீழே இருந்தவர்கள் செலவைத் தள்ளிப்போட்டும் லாபத்தை முன்கூட்டி எழுதியும் இலக்கைத் தொட்டார்கள். 2015 ஜூலையில் வந்த சுதந்திர விசாரணைக் குழு அறிக்கை 15,180 கோடி யென் அளவுக்கு லாபம் மிகைப்படுத்தப்பட்டதைச் சொன்னது. கேள்வியே கேட்க முடியாத பணிச்சூழல் தணிக்கைச் சோதனைப் பட்டியலில் எந்த வரிசையிலும் வராது. ஆனால் ஒவ்வொரு காலாண்டின் கடைசி மாதத்தில் மட்டும் லாபம் எகிறுகிறதா என்று பார்த்தால் எண்களில் அது தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் பதிவு போடுகிறவர் பெரும்பாலும் நடுத்தர நிலைக் கணக்காளர். வேர்ல்டுகாமில் மேலிட உத்தரவுப்படி பதிவு போட்ட நடுநிலை ஊழியர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். 'சொன்னார்கள், செய்தேன்' என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆகவே இந்த வேலையில் இருப்பவர்கள் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வவுச்சர் இல்லாத பதிவைப் போடச் சொன்னால், எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். வாய்மொழியாகவே பதில் வந்தால், நீங்கள் புரிந்துகொண்டதை எழுதித் திருப்பி அனுப்புங்கள். உங்கள் லாகினை யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்த ஒரு காலாண்டுக்கு மட்டும் என்பார்கள். அடுத்த காலாண்டில் பழைய ஓட்டையை மூடவும் புதிய இலக்கைத் தொடவும் இரண்டு மடங்கு பதிவு தேவைப்படும். கணக்கியலின் இயல்பே அது.

அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு காது வேண்டும். 43 சதவீத மோசடி தகவலால்தான் வெளிவருகிறது, அந்தத் தகவலில் பாதிக்கு மேல் ஊழியர்கள் தருவது. புகார் வழி நிதித் தலைவரின் மேசையில் முடிந்தால் அது வழியே இல்லை. நேராகத் தணிக்கைக் குழுத் தலைவருக்குப் போக வேண்டும். பெயர் சொல்லாமல் புகார் தரவும், அதே பெயரில்லாதவரிடம் மேலும் விவரம் கேட்கவும் ஒரு குறியீட்டு எண் முறை இருக்க வேண்டும். புகார் வந்த அன்றே சம்பந்தப்பட்ட மின்னஞ்சல்களையும் மென்பொருள் பதிவுகளையும் அழிக்க முடியாதபடி பூட்ட வேண்டும். விசாரிப்பவருக்கு அந்த விவகாரத்தில் பழைய தொடர்பு இருக்கக் கூடாது. 2001 ஆகஸ்டில் என்ரானின் ஷெரன் வாட்கின்ஸ் தலைவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். அதை ஆராயும் பொறுப்பு, அந்த ஒப்பந்தங்களில் சிலவற்றுக்கு முன்பு ஆலோசனை தந்த அதே சட்ட நிறுவனத்திடம் போனது.

இந்தப் புகார் வழியையும் ஆடிட்டர் சோதிக்க வேண்டும். ஓராண்டில் எத்தனை புகார் வந்தது, எத்தனை நாளில் மூடப்பட்டது, புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்? ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தில் பூஜ்யம் புகார் என்றால் எல்லாரும் பயந்துபோயிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது

கையில் அறிக்கை வந்ததும் கருத்துப் பத்தியோடு நிறுத்தாதீர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் 'முக்கியத் தணிக்கை விஷயங்கள்' என்ற பகுதி இருக்கும். சென்ற ஆண்டு இருந்த ஒரு விஷயம் இந்த ஆண்டு காணவில்லை என்றால் காரணம் தேடுங்கள். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றிய பத்தியைப் படியுங்கள். தொடர்புடைய தரப்புகளோடு நடந்த வியாபாரக் குறிப்பை ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். ஆடிட்டர் ஆண்டு நடுவில் விலகியிருந்தால், 'தனிப்பட்ட காரணம்', 'கட்டணத்தில் உடன்பாடில்லை' என்ற விளக்கங்களை அப்படியே ஏற்காதீர்கள்.

இயக்குநர் குழுவில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. நிர்வாகத்தினரை வெளியே அனுப்பிவிட்டு ஆடிட்டரோடு தனியாக உட்காரலாம். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது, திருத்தாமல் விட்ட பிழைகளின் பட்டியல். வரம்புத் தொகைக்குக் கீழே இருப்பதால் விட்டுவிட்டோம் என்பார்கள். தொகையை அப்புறம் பாருங்கள், திசையை முதலில் பாருங்கள். நேர்மையான பிழை இரண்டு பக்கமும் விழும். பட்டியலில் உள்ள பத்துப் பிழைகளில் பத்தும் லாபத்தைக் கூட்டும் பக்கமே சாய்ந்திருந்தால், எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டு வரும்வரை அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.